ஆள் இல்லாத கேசட்

திருச்சி ஜில்லாவில் எலெக்ட்ரானிக் இசை என்பதை முதன்முதலில் கேட்ட காது என்னுடையதுதான். பொய். கேட்டவர் வேறொருவர். நான் அதை அழித்தவன். அழித்ததில் முதல் ஆள் நான்தான் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். கடை தென்னூர் பாய் ஒருவருடையது. அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த இரண்டு டேப் டெக்குகள், சுவர் நிறைய கேசட்டுகள், நடுவில் நான். காலிக் கேசட்டும் பாட்டு எழுதிய துண்டுச் சீட்டுமாக ஆட்கள் வருவார்கள். பதிந்து கொடுக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். அந்த வகுப்பை அவ்வளவு ஆழமாக வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். சீட்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வந்தவர் பொறுமை இழந்து வாயாலேயே சொல்லிவிடுவார். அதையும் நான் பாதிதான் கேட்பேன். மீதி நேரம் நான் பேச வேண்டாமா.

"தம்பி, கடையில ரெண்டு டெக்கு இருக்கு. ஒண்ணு பாடும், ஒண்ணு கேக்கும். உனக்கு பாடுற டெக்கு மட்டும்தான் வேலை செய்யுது," என்பார் பாய்.

அந்தக் கடைக்கு வந்துபோன ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் தடவை "மாமி" என்று கூப்பிட்டேன். "மாமா யாரும் கிடையாதே," என்றார், ராங் நம்பர் என்று சொல்லும் அதே குரலில். அன்றிலிருந்து அக்கா. அவர் என்னை மட்டுமல்ல, பால்காரன் பையனைக்கூட "நீங்க" என்றுதான் சொல்வார். யார் எதிரே வந்து நின்றாலும் முதல் வார்த்தை "சொல்லுங்கோ."

டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போது வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் ஒரு பலகை முன்னால் உட்கார்ந்து, கயிற்றின் நுனியில் இருக்கும் பிளக்கை ஓட்டையில் சொருகி, மதுரையையும் மெட்ராஸையும் திருச்சியோடு சேர்த்து வைப்பார். அக்காவுக்குப் பெரும்பாலும் நைட் டூட்டி. ஹெட்போன் அழுந்தி அழுந்தி இடது காதுக்கு மேலே முடி ஒரு பட்டையாகப் படிந்து கிடக்கும். லீவு நாளிலும் அது எழும்பாது.

அக்காவிடம் நான் பார்த்த குணம் ஒன்றே ஒன்றுதான். யார் பேசினாலும் முடிக்கும்வரை கேட்பார்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் டூட்டிக்குப் போகும்போது பக்கத்து சீட்டு அம்மாள் மருமகளைப் பற்றி ஆரம்பித்தால் போச்சு. இறங்க வேண்டிய ஸ்டாப் வரும், போகும். அந்த அம்மாள் முடித்த பிறகுதான் அக்கா எழுந்திருப்பார். ஜங்ஷன்வரை போய் இறங்கி, திரும்ப நடந்து வருவார். ஒரு தடவை நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

"அக்கா, உங்க ஸ்டாப் போயிடுச்சு."

"தெரியும். இன்னும் நகை விஷயம் பாக்கி இருக்கு," என்றார்.

பக்கத்து சீட்டு அம்மாள் நகை விஷயத்துக்கு வந்தாள்.

டிரங்க் காலில் மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, இன்னும் பேசுகிறீர்களா, வெட்டிவிடட்டுமா என்று கேட்க வேண்டும். அது சட்டம். அக்கா புகமாட்டார். பேசுகிறவர் எடுத்த வாக்கியத்தை முடிக்கட்டும் என்று காத்திருப்பார். நம் ஆட்கள் எந்தக் காலத்தில் வாக்கியத்தை முடித்தார்கள்? வந்து, போயி, அப்புறம், என்னன்னா என்று இழுப்பார்கள். மூன்று நிமிடம் நாலரை ஆகும். இதற்காக அவருக்கு இரண்டு மெமோ வந்ததாக, அவரோடு வேலை பார்த்த ஒருவர் கடைக்கு வந்தபோது சொன்னார். அந்த ஆளே இன்னொன்றும் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா ஒருமுறை சட்டப்படி சரியாக மூன்றாவது நிமிடத்தில் வெட்டினாராம். லைனில் ஒரு பெண், "அப்பா கடைசியா உன்கிட்ட சொல்லச் சொன்னது என்னன்னா" என்று ஆரம்பித்திருந்தாளாம். அதன் பிறகு அந்த லைன் திரும்பக் கிடைக்கவே இல்லையாம். இது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆள் இரவல் வாங்கிய கேசட்டைத் திருப்பித் தராத ரகம்.

கேட்டதை அக்கா வெளியே சொன்னதும் கிடையாது. ஊரில் பலருடைய சம்பந்தமும் சண்டையும் சாவும் அவர் காது வழியாகத்தான் போய்வந்தன. என்னுடையதும் போனது. கரூரில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டு, கடை என்னுடையது, பாய் என்னிடம் கணக்கெழுதுகிறார் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். பாய் உள்ளே தொழுதுகொண்டிருந்தார்.

"நீங்க பொய் சொல்றச்சே குரல் அரைக்கட்டை மேல போறது," என்றார் அக்கா, மெதுவாக. "கரூர்க்காராளுக்கும் காது இருக்கும். பார்த்துக்கோங்கோ."

பாயிடம் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு வாரம் அவரைக் கண்டால் டெக்குக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவேன். எல்லாம் தெரிந்தவர் ஒருவர் எதுவும் சொல்லாமல் எதிரே நிற்பது சுகமான விஷயம் இல்லை. கரூர்க்காரர்களுக்கும் காது இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

மார்கழி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் டூட்டிக்குப் போகும் வழியில் அக்கா ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். மேலே பெயர் இல்லை, பாட்டு விவரம் இல்லை. ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு மட்டும்.

"இதுல ஒரு பக்கம்தான் இருக்கு. இன்னொரு பக்கம் காலி. இருக்கறதை அப்படியே..."

"ஆச்சுக்கா. நாளைக்கு வாங்கிக்குங்க," என்றேன். சொல்லிவிட்டு ஏகாதசிக் கூட்டத்தில் என் செருப்பு காணாமல் போன கதையை ஆரம்பித்தேன். அவர் தன் வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் செருப்பு கிடைக்கும்வரை நின்று கேட்டார். கிடைக்கவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கேசட் காலியா என்று பார்க்கக் கடையில் ஒரு முறை உண்டு. தொடக்கத்தில் பத்து விநாடி, நடுவில் பத்து விநாடி, கடைசியில் பத்து விநாடி ஓடவிட வேண்டும். பாட்டோ பேச்சோ வந்தால் பதிந்த கேசட். வெறுமனே ஓடினால் காலி. இந்தக் கேசட்டின் ஒரு பக்கம் உஸ்ஸென்று ஓடியது. மறுபக்கம் ம்ம்ம் என்று ஓடியது. தொடக்கத்திலும் ம்ம்ம், நடுவிலும் ம்ம்ம், கடைசியில் கொஞ்சம் ஈரமான ம்ம்ம். மோட்டார் இரைச்சல் ஏறிக் கெட்டுப்போன காலி டேப் என்று முடிவு கட்டினேன். மூன்று வருடம் படித்தவன் இல்லையா.

மார்கழி மாதம், ஸ்ரீரங்கம், சித்திரை வீதி. அக்கா என்ன பதியச் சொல்லியிருப்பார்? அந்த மாதம் வந்தவர்களெல்லாம் கேட்டது உபந்நியாசம்தான். ஒரு மண்டபத்தில் நானே மைக் வைத்துப் பதிந்து வந்தது கைவசம் இருந்தது. நல்ல கனத்த குரல், மூச்சு விடாமல் பேசுகிறவர். அதை ம்ம்ம் பக்கத்தின்மேல் ஏற்றினேன். உஸ் பக்கம் சும்மா கிடக்க ஏன் அந்தப் பக்கம் என்று கேட்கலாம். கெட்டுப்போனதை நல்லதாக்கிக் கொடுப்போமே என்ற நல்லெண்ணம். இருபத்து மூன்று நிமிடம் ஓடியதும் டீ வந்தது. நிறுத்திவிட்டேன்.

கேசட்டை வாங்கிப்போன அக்கா மறுநாள் காலையில் வந்தார். டூட்டி முடிந்து, வீட்டுக்குப் போய், கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அந்தப் பூக்காரி கரை ஏறினாளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கொள்ளிடத்துல வெள்ளம். ஒரு பூக்காரி பெருமாளுக்குக் கட்டின மாலையைக் கூடையோட தலைல வச்சுண்டு இறங்கறா. தண்ணி கழுத்து மட்டும் வந்துடறது. அந்த இடத்துல நின்னுபோச்சு. மேல என்ன ஆச்சுன்னு அவர் சொல்லியிருப்பாரே."

"ஏறிட்டாக்கா."

"குரல் மேல போறது," என்றார். அப்புறம்தான், அந்தப் பக்கத்தில் முன்னால் இருந்தது எங்கே என்று கேட்டார்.

"அதுல ஒண்ணுமே இல்லீங்களேக்கா. பாட்டு இல்லை, தாளம் இல்லை, பேச்சு இல்லை. ஆளே இல்லை."

"அதான். ஆளே இல்லை."

பாய் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்தார். அவ்வளவு நாளில் அவர் ஒரே மூச்சில் நாலைந்து வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என் தம்பி ஜெர்மனியில இருக்கான். அங்க அவனோட தங்கியிருந்த ஒரு பையன் ரூமுக்குள்ளயே மெஷினை வச்சுண்டு சங்கீதம் பண்ணினானாம். அஞ்சாறு கேசட்தான் போட்டானாம், அதுல ஒண்ணு இது. ஆல்பம்னு எழுதியிருந்தான் தம்பி. ராத்திரி பூரா எல்லாரும் என் காதுல பேசறா. ஆத்துக்கு வந்து படுத்தா உள்ள பேசிண்டே இருக்கா. ஹலோ, கேக்கறதா, ஹலோன்னு. தூக்கமே வராது. இதைப் போட்டா ஒவ்வொருத்தரா எழுந்து போயிடுவா. கடைசியில ஒருத்தரும் இருக்க மாட்டா. தூங்கிடுவேன். சில நாள் அரை மணியில பாதிப் பேர்தான் போயிருப்பா. அதான் மறுபக்கமும் அதையே போட்டுத் தரச் சொல்ல வந்தேன்."

ஆல்பம் என்றால் கல்யாண போட்டோ ஒட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதை அப்போது சொல்லவில்லை. முதலில் சொன்னது, கரண்ட் கூடிக் குறைந்ததில் மெஷின் தானாக அழித்துவிட்டது என்பது. அக்கா என்னைப் பார்த்தார். குரல் எவ்வளவு மேலே போயிற்று என்று எனக்கே கேட்டது.

"நான்தாங்கக்கா அழிச்சேன்," என்றேன்.

"அந்தப் பையன்கிட்ட வேற பிரதி கேட்டு வாங்கலாங்களாம்மா?" என்றார் பாய்.

"அவன் எங்க போனான்னு தம்பிக்கே தெரியாதாம்."

"முழுசாவா போச்சு?"

"கடைசியில ஏழு நிமிஷம் இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப அதைக் கேளுங்கக்கா. அவர் பேசறதை பார்வர்டு போட்டுத் தள்ளி விட்டுடுங்க."

"பேசிண்டிருக்கறவரை எப்படித் தள்ளறது?" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த உபந்நியாசத்தை இருபத்து மூன்று நிமிடமும் கேட்டிருக்கிறார். பூக்காரி தினமும் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். அதன் பிறகு வந்த ஏழு நிமிடத்தில் யாரும் எழுந்து போகவில்லை, பூக்காரியும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

பத்து நாளில் அக்காவின் முகம் கண்ணும் கன்னமுமாக உள்ளே போயிற்று. பலகையில் சேலத்தைக் கேட்டவருக்கு மதுரையைச் சொருகிவிட்டாராம். சேலம் கேட்டவர் மதுரை மனிதரோடு ஐந்து நிமிடம் சண்டை போட்டபிறகுதான் விஷயம் தெரிந்தது. மூன்றாவது மெமோ வந்தது. இனி ஒரு தப்பு நடந்தால் பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று, கேசட் திருப்பித் தராத அந்த ஆள் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் நம்பினேன்.

"நீ செஞ்ச வேலைக்கு அந்தம்மா வேலை போகப் போவுது," என்றார் பாய். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

அக்காவிடம் கேசட்டை வாங்கி வந்தேன். மிச்சமிருந்த ஏழு நிமிடத்தைப் புதுக் கேசட்டில் அடுத்தடுத்து நாலு தடவை பதிந்தேன். ஒரு பக்கம் நிறைந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கமும் நிறைத்தேன். இவ்வளவு எளிதான விஷயமா என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அக்கா திரும்பி வந்தார்.

"நன்னா இருக்கு. ஆனா ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம் டக்குனு ஒரு சத்தம்."

"பட்டனை அமுக்குற சத்தங்கக்கா. ஒட்டுப் போட்ட இடம்."

"பிளக்கைச் சொருகறா மாதிரியே இருக்கு. லைன்ல யாரோ வந்துட்டான்னு தூக்கத்துலேர்ந்து எழுந்து உக்காந்துண்டு, திருச்சி, திருச்சிங்கறேன். முன்கட்டுல இருக்கறவா கதவைத் தட்டிக் கேக்கறா, என்ன ஆச்சுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாயின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போயிற்று.

ஒட்டுத் தெரியாமல் பதிய வேண்டும். அதற்குச் சத்தக் குமிழை மெதுவாக இறக்கி, ஒன்றுமில்லாமல் ஆனதும் நிறுத்தி, மறுபடி ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும். கேட்பதற்குச் சுலபம். எங்கே இறக்க ஆரம்பிப்பது என்று தெரிய, முதலில் அந்த ம்ம்ம்மை நான் கேட்டாக வேண்டும். பேசினால் தவறிவிடும். முதல் நாள் அது எனக்கு ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தம்தான். இரண்டாம் நாள், தூரத்தில் ஒரு லாரி புறப்படாமல் நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் அடியில் இன்னொரு சத்தம் இருப்பது தெரிந்தது. காவிரிக்குத் தண்ணீர் திறந்துவிட்ட புதிதில் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்போமே, அப்படி. மணல்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மணல் நிறம் மாறியிருக்கும். எப்போது மாறியது என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தம் அப்படித்தான் உள்ளே வந்தது, அப்படித்தான் போனது. அது போகிற இடத்தில் குமிழை இறக்கினேன்.

"உடம்பு சரியில்லையா? ரெண்டு மணி நேரமா பேசாம இருக்கே," என்றார் பாய், என் நெற்றியில் கை வைத்து.

ஒரு வாரம் ஆனது. கெடுத்த கேசட்டுகளை அடுக்கினால் ஒரு ஆள் ஏறி நின்று பல்பு மாட்டலாம். கடைசியில் ஒன்று சரியாக வந்தது போல இருந்தது. காலை ஒன்பது மணிக்கு அதை எடுத்துக்கொண்டு வடக்குச் சித்திரை வீதிக்குப் போனேன். அக்கா அப்போதுதான் டூட்டியிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தார். அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் டேப் ரெக்கார்டர், சுவரோரம் சுருட்டி வைத்த கோரைப்பாய்.

"நீங்களும் உக்காருங்கோ. ஒட்டு கேட்டா நான் விரலைத் தூக்கறேன், நீங்க நேரத்தைக் குறிச்சுக்கோங்கோ," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போட்டேன். ஓடியது. மூன்று ஒட்டுகள். மூன்றும் எங்கே என்று எனக்குத் தெரியும். முதல் ஒட்டு வந்தது. இறங்கியது, இல்லாமல் போனது, ஏறியது. அக்காவின் விரலைப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டாவது ஒட்டில் எனக்கு வியர்த்தது. நானே பதிந்திருந்தும் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. விரல் அசையவில்லை. மூன்றாவதும் போனது. விரல் அப்படியே இருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அக்கா தூங்கிப் போயிருந்தார். எந்த ஒட்டில் போனார் என்று தெரியவில்லை. யார் என்ன சொன்னாலும் முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்கிறவர், நான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு செய்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். அறையில் இருந்த ஒரே ஆளை நான்தான் தூங்க வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. டேப் முடிய இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை. முடிந்ததும் அந்த டேப் ரெக்கார்டரின் பட்டன் தானாக மேலே எகிறும். டக் என்று, பிளக்கைச் சொருகுவதைவிடப் பத்து மடங்கு சத்தமாக. அக்கா எழுந்து உட்கார்ந்து, திருச்சி என்பார். அதோடு எல்லோரும் திரும்ப வந்துவிடுவார்கள்.

முட்டி போட்டு மேஜையருகே நகர்ந்தேன். கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எகிறுகிறபோது கூடவே விரலையும் மெதுவாகத் தூக்க வேண்டும், குமிழை ஏற்றியதுபோல. அப்புறம் கேசட்டைச் சத்தமில்லாமல் உருவி, மறுபக்கம் திருப்பி, ஓடவிட வேண்டும். சக்கரத்தில் டேப் கடைசிச் சுற்றுக்கு வந்தது. விரலுக்கு அடியில் பட்டன் துடிக்க ஆரம்பித்தது. நான்...

"அப்பா, ஆட்டோ வந்து எவ்வளவு நேரமா நிக்குது. பல் டாக்டர் பத்து மணிக்கு வரச் சொன்னாருல்ல?"

"ஒரே நிமிஷம்மா."

"அதையேதான் அரை மணி நேரமா சொல்றீங்க. எழுந்திருங்க."

என் மகள். போகத்தான் வேண்டும். அக்கா தூங்கிக்கொண்டிருக்கிறார். நீங்களும் எழுந்திருப்பதாக இருந்தால் சத்தம் போடாமல் எழுந்திருங்கள்.